உப்பில்லாக் கஞ்சி

நான் சொல்வதில் சில இடங்கள் பிசகாக இருக்கலாம். அந்த ஐப்பசியில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்பதுதான் என் ஞாபகம். சுருளிப்பட்டியில் விசாரித்தால், தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் ஒரு தூறல் போட்டது, பஸ்ஸுக்கு நின்றவர்கள் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கலாம். யார் எதை எந்தக் கிழமையில் சொன்னார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. வெயில் மட்டும் சந்தேகமில்லாமல் நினைவில் நிற்கிறது.

வழக்கமாக ஐப்பசி பிறந்தால் எங்களுக்குக் கிழக்கே மேகமலை கண்ணுக்குத் தெரியாது. மேகம் இறங்கி அடிவாரத்துத் தென்னைகளின் தலையில் உட்கார்ந்துவிடும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரவாடை அடிக்கும். அருவியில் தண்ணீர் முறுக்கிக்கொண்டு வருவதால் குளிக்க விடமாட்டார்கள். அந்த வருஷம் மலை நாள் முழுக்கத் தெரிந்தது. பாறை இடுக்குகளில் காய்ந்துபோன நீர்த்தடங்கள் வெள்ளைக் கோடுகளாக நின்றன. அருவிக்குப் போக எந்தத் தடையும் இல்லை. போனவர்கள் நாலு நாலு பேராக முறை வைத்து நனைந்துவிட்டு வந்தார்கள்.

முதலில் ஊருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வெடி ஒன்றுகூட நமுத்துப் போகாத தீபாவளி. மொட்டை மாடிகளில் மக்காச்சோளம் இரண்டே நாளில் காய்ந்தது. சாயங்கால வெளிச்சம் மஞ்சளாக நீண்டு கிடந்தது. இப்படி ஒரு ஐப்பசியைப் பார்த்ததில்லை என்று டீக்கடையில் தினமும் யாராவது சொன்னார்கள். பத்துப் பதினைந்து நாளில் அந்தப் பேச்சு குறைந்தது. பிறகு நின்றுபோனது. எல்லோரும் மலையைப் பார்த்தார்கள்.

அந்த வெயில் இன்னும் சில நாள் அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களில் ஈஸ்வரபாண்டி ஒருவன். அவனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருந்தான். பேச்சு குறைவு. அவனிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் ஒரு டீயைக் குடித்து முடித்துவிடலாம் என்று ஊரில் சொல்வார்கள். அந்த மாதம் அவன் விடியும்போதே எழுந்து, பல் விளக்கும் முன்பு பந்தலுக்குப் போய் மலைக்கு மேலே பார்ப்பான். வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். திரும்பி வந்து பல் விளக்குவான்.

பந்தல் நிலத்தில் பாதி அவனுடைய அக்கா சுப்புத்தாயின் பெயரில் இருந்தது. கணவன் இறந்த பிறகு அவள் அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். அதற்கு முந்தின இரண்டு காய்ப்பும் இலையில் நோய் விழுந்து வீணாகிவிட்டன. அக்கா சித்திரையில் வந்து முற்றத்தில் நின்றபடியே சொன்னாள்.

"இன்னும் ஒரு காய்ப்பு பாரு தம்பி. இதுவும் கைவிட்டுச்சுன்னா பந்தல் கல்லுக்கால எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டுத் தென்னைய வைப்போம். சரிதானா?"

அவன் வெகுநேரம் கழித்துச் சரி என்றான்.

வைகாசியில் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டியது. செய்திருந்தால் புரட்டாசியிலேயே பழம் இறங்கியிருக்கும், மழைக்கும் அவனுக்கும் வழக்கு இருந்திருக்காது. ஆனால் பந்தல் கம்பியை இழுத்துக் கட்டும்போது ஏணி சரிந்து அவனுடைய வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆள் வைத்து வெட்டலாம் என்று மனைவி முனீஸ்வரி சொன்னாள். அவன் கேட்கவில்லை. எந்த மொட்டை விட்டு எந்த மொட்டை வெட்டுவது என்பது தன் கைக்குத்தான் தெரியும் என்று நினைத்தான். மாவுக்கட்டைப் பிரித்து, விரல்கள் மடங்கத் தொடங்கி, அவன் கத்தரியைப் பிடித்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வெட்டினால் ஐப்பசிக் கடைசியில்தான் பழுக்கும். பழுக்கும் நேரத்தில் ஒரு நாள் மழை போதும், தோல் வெடித்துக் குலை முழுக்கப் புளித்துவிடும். இது அந்தப் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்தே இருந்தது.

ஐப்பசி பாதியில் கம்பத்திலிருந்து பழ வியாபாரி ஜெய்லானி பைக்கில் வந்தான். பந்தலுக்குள் குனிந்து நடந்து, ஒரு குலையின் அடியிலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, விதையைத் துப்பினான்.

"நெறம் வந்துருச்சு. இனிப்பு இன்னும் ஏறலண்ணே. பத்துப் பன்னெண்டு நாளு வெயிலு வேணும். அதுக்கு முன்னாடி வெட்டுனா என் பேரு கெட்டுப்போகும், உங்க பேரு எப்பிடியோ."

ஈஸ்வரபாண்டி மலையைப் பார்த்தான்.

"அங்கன என்ன பாக்குறீக? போன்ல பாத்துட்டுத்தான் வந்தேன். அஞ்சு நாளைக்கு ஒண்ணும் இல்ல. ஆறாம் நாளு மேகம்னு போட்டிருக்கு. அது போன வாரமும் ஆறாம் நாளுன்னுதான் போட்டிருந்துச்சு." ஜெய்லானி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "போன வெள்ளிக்கிழமை எங்காளுக எல்லாம் வெளித் திடல்ல நின்னு மழைக்குத் தொழுதாக. நானும் போனேன்."

"நீயுமா?"

"போகாம இருக்க முடியுமாண்ணே? முன்னாடி வரிசையில நின்னேன். எல்லாரும் கையேந்துனாக, நானும் ஏந்துனேன்."

"மழை வேணும்னு கேட்டியா?"

ஜெய்லானி பைக்கை உதைத்துக் கிளப்பினான். "கையேந்துனேன்னுதான் சொன்னேன். என்ன கேட்டேன்னு அல்லாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பக்கம் பந்தல் போட்ட வீடுகள் பதினேழு. சிலருடையது பூவில் நின்றது, சிலருடையது பிஞ்சில். பூவோ பிஞ்சோ பழமோ, அந்த நேரத்து மழை திராட்சைக்கு எந்த நிலையிலும் ஆகாது. மற்ற வீடுகள் எல்லாம் மழையையே நம்பிய மானாவாரி. சுப்புத்தாய்க்கு மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் இருந்தது. வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேடு. புரட்டாசியில் கிடைத்த ஒரு மழையை நம்பிச் சோளம் விதைத்திருந்தாள். முழங்கால் உயரம் வந்து நின்றுவிட்டது. பகலில் இலைகள் வெற்றிலைச் சுருள்போல் சுருண்டுகொண்டன. முதலில் இரவுக் குளிரில் விரிந்தன. பிறகு இரவிலும் விரியவில்லை.

ஒரு புதன்கிழமை அவள் தம்பி வீட்டுக்கு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை மழைக்கஞ்சி எடுக்கோம். பெண்டுக எல்லாம் பேசி முடிச்சாச்சு. பானைய நாந்தேன் சுமக்குறேன். முனீசு, கஞ்சியில உப்பு போட்டுறாத, பழக்கத்துல கை போயிரும்."

"நான் எதுக்கு மதினி போடப்போறேன்" என்றாள் முனீஸ்வரி.

மழைக்கஞ்சி எடுத்து அங்கே பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெண்கள் வீடு வீடாகப் போவார்கள். வாசலில் யாரும் வா என்று சொல்லக்கூடாது, வந்தவர்களும் பேசக்கூடாது. ஒவ்வொரு வீடும் ஒரு செம்புக் கஞ்சி ஊற்ற வேண்டும். அத்தனை வீட்டுக் கஞ்சியையும் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோய், ஒன்றாகக் கலக்கி, காய்ந்த கண்மாய்க்குள் உட்கார்ந்து குடிக்க வேண்டும். உப்பில்லாமல் இத்தனை சனம் குடிப்பதைப் பார்த்து வானம் இரங்கும் என்பது கணக்கு. குடித்து முடித்ததும் பெண்கள் ஊரை விட்டுப் போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். ஒரு வீட்டுக் கஞ்சியில் உப்பு இருந்தாலும் மழை திரும்பிப் போய்விடும்.

ஈஸ்வரபாண்டி திண்ணையில்லாத அந்த வீட்டின் வாசற்படியில் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாமி கும்பிடுவதில்கூட அவனுக்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது.

"உப்பு இருக்கா இல்லையான்னு பாக்க மழைக்கு நாக்கா இருக்கு?" என்றான்.

"உனக்கு நாக்கு இருக்கான்னுதான் ஊர்ல கேக்குறாக" என்றாள் அக்கா. முனீஸ்வரி சிரித்துவிட்டாள். சுப்புத்தாயும் சிரித்தாள். போகும்போது நின்று, சிரிப்பில்லாமல், "தம்பி, இன்னும் நாலு நாளுதேன் தாங்கும் சோளம்" என்றாள். அவள் பந்தலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அதை அவன் கவனித்தான்.

வியாழக்கிழமை முழுவதும் அவன் பந்தலுக்குள் இருந்தான். இலைகளின் ஊடாக விழுந்த வெயில் தரையில் காசு காசாகக் கிடந்தது. ஒரு பழத்தைச் சுவைத்தான். முதலில் புளிப்பு, கடைசியில் ஒரு இனிப்பு வந்து நின்றது. கல்தூண் ஒன்றில் முதுகைச் சாய்த்து, இந்தத் தூணைப் பிடுங்க எத்தனை பேர் வேண்டியிருக்கும் என்று யோசித்தான். பிறகு அக்காவின் சோளத்தைப் பற்றி யோசித்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்க அவனால் முடியவில்லை. ஒன்றை நினைக்கும்போது இன்னொன்று விலகிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் முனீஸ்வரி கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் குளிக்கப் போனாள். அவன் தண்ணீர் குடிக்கத்தான் அடுப்படிக்குள் போனான். சட்டியின் மேல் ஆவி பறந்துகொண்டிருந்தது. உப்பு ஜாடி அதன் பக்கத்திலேயே இருந்தது. மழைக்கு நாக்கு இல்லை என்று அவன் உண்மையாகவே நம்பினான். அப்படியானால் உப்பு போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்றும் அவனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு முடிவதற்குள் கை ஜாடிக்குள் போய்விட்டது. ஒரு பிடி இருக்காது, அதற்குக் கொஞ்சம் குறைவு. கரண்டியால் இரண்டு தடவை கிண்டினான். தண்ணீர் குடிக்காமலே வெளியே வந்தான்.

பெண்கள் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. முன்னால் சுப்புத்தாய், இடுப்பில் பெரிய பானை. பின்னால் முப்பது நாற்பது பேர், செருப்பில்லாத கால்கள். தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. ஈஸ்வரபாண்டி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டான். முனீஸ்வரி செம்பில் மொண்டு ஊற்றினாள். கஞ்சி விழும் சத்தம் மட்டும் கேட்டது. காலடிகள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தன.

முனீஸ்வரி உள்ளே வந்து சட்டியில் மீதியிருந்ததை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் முகம் சுருங்கியது.

"இந்தக் கரிப்பு கரிக்குது" என்றாள்.

அவன் குனிந்து கதவோரம் கிடந்த செருப்பை நேராக்கினான்.

"நான் ரெண்டே ரெண்டு கல்லு உப்புதான் போட்டேன்" என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். யார் முதலில் பார்வையை எடுத்தார்கள் என்று தெரியவில்லை. அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்த் தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். அது சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை முடிந்துகொண்டு கண்மாய்க்குக் கிளம்பினாள்.

ஆண்கள் கண்மாய்ப் பக்கம் போகக்கூடாது. அவன் பந்தல் ஓரத்து வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தான். அங்கிருந்து கரை தெரியும், உள்ளே இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். ஒப்பாரிச் சத்தம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது அதில் பாதிக் குரல்கள் இல்லை.

மத்தியானம் திரும்பி வந்த முனீஸ்வரி தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"எல்லார் கஞ்சியையும் கலக்கி ஊத்துனாக. குடிச்சா, அம்புட்டு ருசி. உப்பு அளந்து போட்டாப்புல இருக்கு. சின்னப் பிள்ளைக இன்னும் வேணும்னு கேக்குதுக. யாரும் யாரையும் பாக்கல. குனிஞ்ச தலை நிமிராம குடிச்சோம்."

"அக்கா?"

"மதினியும் குடிச்சாக. செரட்டைய வழிச்சுக் குடிச்சாக. அப்பறம் அழுதாக. அவுக மட்டும் நெசமா அழுதாக."

பதினேழு பந்தல் வீடுகளில் எத்தனை வீட்டில் கை ஜாடிக்குள் போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும்.

மழை வரவில்லை. ஆறாம் நாள் மேகம் என்று போன் சொன்ன அன்றைக்கும் வானம் நீலமாகவே இருந்தது. ஐப்பசி இருபத்தெட்டாம் தேதி ஜெய்லானி ஆட்களோடும் பெட்டிகளோடும் வந்தான். பழத்தை வாயில் போட்டவன் இந்த முறை கண்ணை மூடவில்லை.

"சீனி மாதிரி இருக்குண்ணே. எனக்குத் தெரிஞ்சு இங்கன இப்பிடி ஒரு ஐப்பசிக் காய்ப்பு வந்ததில்ல" என்றான். ஈஸ்வரபாண்டி தன் கையாலேயே குலைகளை வெட்டிக் கொடுத்தான். ஒரு பழம்கூட வெடித்திருக்கவில்லை. அறுவடையைப் பார்க்க அக்கா வரவில்லை.

மறுநாள் காலை அவன் அவளுடைய காட்டுக்குப் போனான். அவள் முக்காடு போட்டுக்கொண்டு, கருகின சோளத்தை மாட்டுக்கு ஆகட்டும் என்று அறுத்துக்கொண்டிருந்தாள். தட்டை கைபட்டதும் சலசலவென்று ஒடிந்தது. அவன் இன்னொரு அரிவாளை எடுத்து அடுத்த சாலில் குனிந்தான். மணிக்கட்டு வலித்தது. இருவரும் ஒரு பாத்தியை அறுத்து முடித்தார்கள். மலை மிகத் துல்லியமாகத் தெரிந்தது. வெயில் முதுகில் ஒரு கைபோல இருந்தது.

"பழம் நல்லா வந்துச்சாமே" என்றாள்.

"ம்."

"அப்ப கல்லுக்கால் நிக்கட்டும். சொன்னா சொன்னதுதேன்."

அவன் அரிவாளைத் தரையில் வைத்தான். சொல்ல வந்ததை எப்படித் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தான். தேடி முடிப்பதற்குள் அவளே பேசினாள்.

"கஞ்சி நல்லாத்தேன் இருந்துச்சு, தம்பி."

"அக்கா..."

"உன் வீட்டு வாசல்லயே தெரியும். ஊத்துனப்ப விரல்ல பட்டுச்சு, நாக்குல வச்சுப் பாத்தேன்."

"தெரிஞ்சும் எதுக்குப் பானைக்குள்ள வாங்குன?"

"பின்ன? வாசல்ல நின்னு, என் தம்பி வீட்டுல உப்பு போட்டிருக்காகன்னு ஊரக் கூட்டச் சொல்றியா?" அவள் அறுத்த தட்டையை ஒரு கட்டாக முடிந்து தள்ளி வைத்தாள். "அதுக்கப்பறம் நாலஞ்சு வீட்டுல நாக்குல வச்சுப் பாத்தேன். பெறகு பாக்கல."

அவன் சொன்னான். "உப்பால மழை நிக்காதுக்கா. இந்த வருஷம் எந்த ஊருலயும் பெய்யல. பேப்பர்ல போட்டிருக்கான்."

"நின்னுச்சுன்னு நான் சொன்னனா?" அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவன் தேடினான், கிடைக்கவில்லை. "நீதேன் நம்ப மாட்டியே. நம்பாதவன் எதுக்குடா போட்ட?"

ஒரு டீ அல்ல, பத்து டீ குடிக்கும் நேரம் போயிருக்கும். அவள் பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. அடுத்த சாலுக்கு நகர்ந்தாள். அவனும் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். உச்சிக்கு முன்பு இரண்டு ஏக்கரிலும் பாதியை அறுத்துவிட்டார்கள்.

கார்த்திகை பிறந்து ஒன்பதாம் நாள் மழை வந்தது. இரண்டு நாள் பெய்தது. கண்மாயில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று, தையில் வற்றியது.

பந்தல் இப்போதும் இருக்கிறது. ஈஸ்வரபாண்டி வைகாசியிலேயே கவாத்து செய்துவிடுகிறான், ஆள் வைத்து. ஜெய்லானி கம்பத்தில் இரண்டாவது கடை போட்டிருக்கிறான். சுப்புத்தாய் அந்த மார்கழியிலிருந்து விடியற்காலை ஜீப்பில் குமுளி மேட்டுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறாள். அவளுடைய மேட்டுக்காடு தரிசாகக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டில் சாப்பிடுகிறாள். பிரஷர் இருப்பதாக டாக்டர் சொன்னார் என்று தனக்கு உப்பில்லாமல் கேட்கிறாள். முனீஸ்வரி அவளுக்கென்று ஒரு சின்னச் சட்டி வைத்திருக்கிறாள். அதன் பிறகு அங்கே மழைக்கஞ்சி எடுக்கவில்லை.